இரண்டு அரைமணி நேரம்: தோட்டப்புறத் தாய்மார்கள் இழந்தது என்ன?

தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களிடம் 'பால்' என்று சொல்லிப் பாருங்கள். முதலில் நினைவுக்கு வருவது மாட்டுப் பாலும் அல்ல, தாய்ப்பாலும் அல்ல. மரத்துப் பால்தான். பால் மரம், பால் வாளி, ஒட்டுப்பால், கட்டிப்பால் என்று ஒரு தனி அகராதியே தோட்டத்தில் இருந்தது. சுங்கை சிப்புட், செம்மோர், தாப்பா, பீடோர், சிலிம் ரிவர் என்று பேரா மாநிலம் முழுக்க இந்த அகராதியைப் பேசிய மக்கள் வாழ்ந்தார்கள். அந்த வாளிகளைச் சுமந்தவர்களில் பெரும் பகுதியினர் பெண்கள். அவர்களில் பலருக்கு லயத்தில் கைக்குழந்தை இருந்தது.

தாய்ப்பாலைப் பற்றிப் பேசும்போதெல்லாம் "அந்தக் காலத்துப் பெண்கள் எத்தனை பிள்ளைகளுக்குப் பால் கொடுத்தார்கள், இந்தக் காலத்துப் பெண்களுக்குப் பொறுமை இல்லை" என்று சொல்வது வழக்கமாகிவிட்டது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நம் தோட்டப்புற வரலாற்றைக் கொஞ்சம் புரட்டினால், இது பொறுமையைப் பற்றிய கதை அல்ல, நேரத்தைப் பற்றிய கதை என்பது தெரியும்.

மரத்தின் நேரம், பிள்ளையின் நேரம்

ரப்பர் மரத்தை விடியற்காலையில்தான் சீவ வேண்டும். இரவு முழுக்க நீர் ஏறி மரத்தின் உள்ளழுத்தம் கூடியிருக்கும் நேரம் அது. வெயில் ஏற ஏற அழுத்தம் குறையும், பால் வடிவதும் குறையும். ஆகவே இருள் பிரியும் முன்பே பெரட்டுக் களத்தில் பெயர் கொடுத்து, நிரைக்குப் போய், நூற்றுக்கணக்கான மரங்களைச் சீவி, பிறகு மங்குகளில் சேர்ந்த பாலை வாளியில் ஊற்றிக் கொண்டுபோய் நிறுக்க வேண்டும். எல்லாம் முடிந்து தாய் லயத்துக்குத் திரும்பும்போது ஆறேழு மணி நேரம் கடந்திருக்கும்.

அந்த ஆறேழு மணி நேரம் குழந்தை இருந்த இடம் ஆயாக் கொட்டகை. மரம் சீவ முடியாத வயதான பெண் ஒருவர் அங்கே ஆயா. புடவைத் தொட்டில்கள் வரிசையாகத் தொங்கும். கொட்டகை ஓர் இடத்தில், தாயின் நிரை வேறோர் இடத்தில். நடுவில் ஓடிவந்து பால் கொடுத்துவிட்டுத் திரும்பலாம் என்றால், அதற்குள் மரத்துப் பால் வடிந்து முடிந்துவிடும். கூலியோ கொண்டுவரும் பாலின் எடையையும் பொறுத்தது. பிள்ளைக்குக் கொடுக்கும் அரைமணி நேரத்தைச் சம்பளத்திலிருந்துதான் எடுக்க வேண்டும்.

தாய்ப்பால் சுரப்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. குழந்தை உறிஞ்ச உறிஞ்சத்தான் மூளையிலிருந்து சுரப்பைத் தூண்டும் ஹார்மோன்கள் வெளிப்படும். மார்பில் பால் தேங்கி நின்றால், "இனி இவ்வளவு தேவையில்லை" என்று உடம்பே சுரப்பைக் குறைத்துக் கொள்ளும். நாள்தோறும் ஆறேழு மணி நேரம் தேங்க விட்டால் சில வாரங்களில் பால் குறைவது இயற்கை. "எனக்குப் பால் வற்றிப் போச்சு" என்று எத்தனையோ பாட்டிமார்கள் சொல்லியிருப்பார்கள். அதை உடம்பின் குறை என்றோ தலையெழுத்து என்றோ நினைத்திருப்பார்கள். வற்ற வைத்தது பெரட்டு மணி என்று அவர்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

உலகம் இதை அறியாமல் இருந்ததா? இல்லை. 1919ஆம் ஆண்டிலேயே அனைத்துலகத் தொழிலாளர் அமைப்பு தன் முதல் மாநாட்டில் தாய்மைப் பாதுகாப்பு உடன்படிக்கையை நிறைவேற்றியது. பால் கொடுக்கும் தாய்க்கு வேலை நேரத்தில் நாளுக்கு இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் அரைமணி நேரம் விட வேண்டும் என்று அதில் எழுதப்பட்டது. ஆனால் அந்த உடன்படிக்கை தொழிற்சாலைகளுக்கும் வணிக நிறுவனங்களுக்கும்தான். தோட்டம் அதில் இல்லை. விவசாயத் தொழிலாளர்களையும் சேர்த்துக்கொண்ட திருத்தம் வருவதற்கு 1952 ஆனது. நடுவில் 33 ஆண்டுகள், ஒரு முழுத் தலைமுறை.

மலாயாவில் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத் தொகுப்பு வந்தது. தோட்டத் தமிழ்ப் பள்ளிகளுக்கு வழிவகுத்த அதே சட்டம்தான் பிள்ளைக் காப்பகத்தையும் பிரசவ உதவித் தொகையையும் பேசியது. அந்தக் காலத்துக்கு அது சிறிய காரியமல்ல. ஆனாலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். காப்பகம் என்பது தாய் வேலைக்குப் போவதற்கான ஏற்பாடு. தாய் பால் கொடுக்க வருவதற்கான ஏற்பாடு அல்ல.

டின் பால் வந்த வழி

காலியான இடத்தில் ஏதாவது ஒன்று வந்து உட்காரும் அல்லவா? வந்து உட்கார்ந்தது டின் பால்.

நெஸ்லே நிறுவனம் ஆங்கிலோ சுவிஸ் பால் நிறுவனம் என்ற பெயரில் 1912ல் பினாங்கில் கடை விரித்தது. அதன் 'மில்க்மேய்ட்' டின்னில் தலையில் பால் குடம் சுமக்கும் பெண்ணின் படம் இருக்கும். 'சாப் ஜுன்ஜோங்' என்றால் மலேசியாவில் இன்றும் எல்லாருக்கும் தெரியும். அந்த இனிப்புப் பாலில் ஏறக்குறைய பாதி சீனி. குளிர்பதனப் பெட்டி இல்லாத ஊரில் சீக்கிரம் கெடாது, விலையும் கட்டுப்படியாகும். டின்னில் இரண்டு ஓட்டை போட்டு, வெந்நீரில் கலந்து, புட்டியில் ஊற்றினால் ஆயாவின் வேலை முடிந்தது. டின் தீரும் நிலையில் இன்னும் கொஞ்சம் தண்ணீர் சேரும். கிணற்றுத் தண்ணீரோ ஆற்றுத் தண்ணீரோ, எது கிடைக்கிறதோ அது. கொழுப்பெடுத்த பாலில் செய்த மலிவான டின்கள் இன்னும் மோசம். அவற்றில் வைட்டமின் ஏ இல்லை. கண் பார்வையே போகும் அபாயம் உண்டு. பிரிட்டனில் இந்த வகை டின்களின் மேல் 'குழந்தைகளுக்கு ஏற்றதல்ல' என்று அச்சிட வேண்டும் என்பது சட்டம். எழுத்தே தெரியாத தாய்க்கு ஆங்கிலத்தில் ஒட்டப்பட்ட அந்த வரி என்ன செய்யும்?

நகரங்களில் வேறொரு பக்கமும் இருந்தது. 1920களில் ஈப்போ, தைப்பிங் போன்ற ஊர்களில் குழந்தை நல மையங்கள் தோன்றின. பயிற்சி பெற்ற மருத்துவச்சிகளும் 'மிசி'களும் வந்தார்கள். பல உயிர்கள் பிழைத்தன, அதை மறுக்க முடியாது. ஆனால் அந்தக் கால மேற்கத்தியப் பாடம் கடிகாரம் பார்த்துப் பால் கொடு, இரவில் கொடுக்காதே என்பது. கேட்கும்போதெல்லாம் கொடுத்த நம் பெண்களின் பழக்கம் அதற்கு ஒழுங்கற்றதாகத் தெரிந்தது. மலாயாவில் புட்டிப்பால் பரவிய வரலாற்றை ஆராய்ந்து 1982ல் கட்டுரை எழுதிய மானிடவியலாளர் லெனோர் மேண்டர்சன், விளம்பரத்தோடு இந்த நல மையங்களின் போதனையும் புட்டியை நவீன வாழ்க்கையின் அடையாளமாக்கியதைக் காட்டுகிறார்.

நம் பக்கத்துக் குறையையும் மறைக்கக்கூடாது. மஞ்சளாகக் கெட்டியாக வரும் சீம்பாலை 'கெட்ட பால்' என்று பிழிந்து கொட்டிவிட்டு, குழந்தைக்குச் சீனித் தண்ணீரோ தேனோ சேனை வைத்த வீடுகள் ஏராளம். நோய் எதிர்ப்புச் சக்தி நிறைந்த அந்தச் சில கரண்டிப் பாலைத் துரைமார்கள் தடுக்கவில்லை, நாமேதான் கொட்டினோம்.

ஒரு டாக்டரின் கோபம்

இந்த டின் பாலைக் கண்டு முதன்முதலில் பொதுமேடையில் கொதித்தவர் ஒரு பெண் டாக்டர். பெயர் சிசிலி வில்லியம்ஸ். ஜமைக்காவில் பிறந்தவர். ஆப்பிரிக்காவின் கோல்ட் கோஸ்ட்டில், அதாவது இன்றைய கானாவில் பணியாற்றியபோது, வயிறு வீங்கித் தோல் உரிந்து சாகும் குழந்தைகளைக் கண்டு, அது புரதக் குறைவால் வருகிறது என்று 1930களில் மருத்துவ உலகுக்கு எடுத்துச் சொன்னவர். 'குவாஷியோர்கர்' என்ற பெயரை அங்குள்ள தாய்மார்களின் மொழியிலிருந்தே எடுத்தார். அடுத்த பிள்ளை பிறந்ததால் தாய்ப்பாலை இழந்த பிள்ளைக்கு வரும் நோய் என்பது அதன் பொருள்.

1936ல் அவர் மலாயாவுக்கு மாற்றப்பட்டார். சிங்கப்பூரில் அவர் கண்டது, நர்ஸ் உடை அணிந்த விற்பனைப் பெண்கள் பிரசவமான தாய்மார்களிடம் போய் டின் பாலைப் பரிந்துரைப்பதை. நல்ல பால் சுரக்கும் தாய்கூட அந்த வெள்ளை உடையை நம்பிப் புட்டிக்கு மாறினாள். 1939ல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் பேச அழைத்தார்கள். பெரிய மனிதர்கள் நிறைந்த சபை. அவர் தன் உரைக்கு வைத்த தலைப்பு 'பாலும் கொலையும்'. தவறான பால் பிரசாரத்தால் சாகும் குழந்தைகளின் மரணத்தைக் கொலை என்றே கருத வேண்டும் என்று நேருக்கு நேர் சொன்னார். அவர் பேசியது நகரத்து ஏழைக் குழந்தைகளைப் பற்றி. அதே வகை டின்கள்தான் தோட்டத்துக் கடைகளிலும் அடுக்கியிருந்தன.

அடுத்து ஜப்பான்காரன் காலம் வந்தது. டாக்டர் வில்லியம்ஸ் சாங்கிச் சிறையில் அடைபட்டார். அங்கே 20 குழந்தைகள் பிறந்தன. டின் பால் கிடையாது, புட்டி கிடையாது. தாய்களும் அரைப் பட்டினி. 20 குழந்தைகளுக்கும் தாய்ப்பால் கொடுக்கப்பட்டது, 20 குழந்தைகளும் பிழைத்தன என்று பின்னாளில் அவர் பதிவு செய்திருக்கிறார். "தாய் நன்றாகச் சாப்பிட்டால்தான் பால் வரும்" என்று சொல்பவர்களுக்கு இதைவிடப் பதில் வேண்டுமா? போருக்குப் பின் மலாயாவின் தாய்சேய் நலப் பணிகளுக்கு அவரே தலைமை ஏற்றார். 1948ல் உலகச் சுகாதார நிறுவனத்தின் தாய்சேய் நலப் பிரிவின் முதல் தலைவரானார். 1992ல், 98 வயதில் மறைந்தார்.

அறுபதாம் நாள்

சுதந்திரத்தை ஒட்டி வந்த 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டம் பிரசவ விடுப்பை 60 நாளாக்கியது. அந்த 60 நாள் 2022 முடியும்வரை தனியார் துறையின் சட்டபூர்வமான குறைந்தபட்சமாகவே நின்றது. இரண்டு மாதக் குழந்தையை விட்டுவிட்டுத் தாய் வேலைக்குப் போனாள். தோட்டத்துக்கும் அதே கணக்கு, பிறகு வந்த தொழிற்சாலைக்கும் அதே கணக்கு.

1976, 1977ஆம் ஆண்டுகளில் தீபகற்ப மலேசியாவில் 1,262 தாய்மார்களிடம் ஒரு பெரிய குடும்ப ஆய்வு நடந்தது. ஒவ்வொருவரிடமும் பிறந்த பிள்ளைகள், பால் கொடுத்த மாதங்கள், இறந்த பிள்ளைகள், வீட்டுத் தண்ணீர், கழிப்பறை என்று எல்லாவற்றையும் கேட்டார்கள். இந்தியக் குடும்பங்கள் எண்ணிக்கையில் விட்டுப்போகக்கூடாது என்று கூடுதல் இடங்களும் சேர்க்கப்பட்டன. அந்தத் தகவல்களைக் கொண்டு புட்ஸ், ஹபிக்ட், டாவான்ஸோ என்ற மூவரும் 1980களில் எழுதிய கட்டுரைகள் உலகம் முழுக்கப் படிக்கப்பட்டன. குழாய்த் தண்ணீரும் கழிப்பறையும் இல்லாத வீடுகளில்தான் தாய்ப்பால் மிக அதிகமான உயிர்களைக் காத்தது என்பது அவர்கள் கண்டது. அதாவது, லயத்து வீட்டுக் குழந்தைக்குத்தான் அது மிகவும் தேவைப்பட்டது. அந்தக் குழந்தையின் தாய்க்குத்தான் நேரம் இல்லை.

குழந்தை மரணம் பிறகு வெகுவாகக் குறைந்தது. 1957ல் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் சுமார் 75 பேர் ஒரு வயதுக்குள் இறந்தார்கள். 2000ல் அது 7க்கும் கீழே வந்தது. தண்ணீர், தடுப்பூசி, மருத்துவமனை என எல்லாம் சேர்ந்து செய்த காரியம் இது. புட்டிப்பால் குடித்த பிள்ளைகளும் பிழைத்து வளர்ந்து பிள்ளை பெற்றார்கள். அப்படியானால் கணக்கு முடிந்துவிட்டதா?

முடியவில்லை. இன்னொரு கணக்கு மெதுவாக ஓடிக்கொண்டிருந்தது. அதில் தாயின் உடம்பும் சேர்த்தி.

2002ல் 'லான்செட்' இதழில் 30 நாடுகளின் 47 ஆய்வுகளை ஒன்றுசேர்த்த அறிக்கை வந்தது. மார்பகப் புற்றுநோய் கண்ட 50,302 பெண்களின் தகவல்கள் அதில் இருந்தன. ஒரு பெண் தன் வாழ்நாளில் மொத்தமாகப் பால் கொடுத்த ஒவ்வொரு 12 மாதத்துக்கும் மார்பகப் புற்றுநோய் அபாயம் 4.3 விழுக்காடு குறைகிறது என்றது அந்த அறிக்கை. பிள்ளை பெறுவதால் குறைவது தனி. 4.3 என்பது சின்ன எண்ணாகத் தோன்றும். ஐந்து பிள்ளை பெற்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வருடம் கொடுத்த தாய்க்கு அது கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு அபாயத்தைக் குறைக்கும். அதே ஐந்து பிள்ளைகளுக்கும் இரண்டு மாதத்தோடு பாலை நிறுத்த வேண்டி வந்தவளுக்கு மொத்தம் பத்தே மாதம்தான். அவள் விரும்பி நிறுத்தவில்லை என்பது புற்றுநோய்க்குத் தெரியாது.

அடுத்தது நீரிழிவு. இது நம் சமூகத்தின் வீட்டுப் பெயராகிவிட்டது. 2019ஆம் ஆண்டு தேசியச் சுகாதார ஆய்வில் நாட்டுப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியர்களில் மட்டும் 31.4 விழுக்காடு, மூன்றில் ஒருவர். அமெரிக்காவில் 1,238 பெண்களை 30 ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வு ஒன்று 2018ல் வெளிவந்தது. பாலே கொடுக்காதவர்களோடு ஒப்பிட்டால், மொத்தம் ஆறு மாதமோ அதற்கு மேலோ பால் கொடுத்தவர்களுக்கு நீரிழிவு வரும் வாய்ப்பு 47 விழுக்காடு குறைவு. பால் சுரக்க உடம்பு நாளுக்கு ஏறக்குறைய 500 கலோரி செலவழிக்கிறது. கர்ப்ப காலத்தில் சேர்ந்த கொழுப்பும் இரத்தச் சர்க்கரையும் அந்த வழியில் கரைகின்றன.

இதை வைத்துக்கொண்டு 'டின் பால்தான் நமக்கு நீரிழிவைத் தந்தது' என்று மேடையில் முழங்கிவிடக் கூடாது. பரம்பரை, அரிசி, சீனி, உடல் உழைப்பு நின்றுபோனது எனப் பல காரணங்கள் உண்டு. அதிக மாதம் பால் கொடுக்கும் பெண்கள் மற்ற விதத்திலும் ஆரோக்கியமாக இருப்பவர்களாக இருக்கலாம் என்ற சந்தேகமும் நியாயமானதே. குழந்தைகள் விஷயத்தில் இந்தச் சந்தேகத்தைத் தீர்க்க பெலாரஸ் நாட்டில் 17,046 தாய்சேய்களை வைத்து 1996ல் ஒரு சோதனை தொடங்கினார்கள். குலுக்கல் முறையில் சில மருத்துவமனைகளில் மட்டும் தாய்ப்பாலுக்குத் தனி ஊக்கம் கொடுத்தார்கள். அங்கே பிறந்த குழந்தைகளுக்கு முதல் ஆண்டில் வயிற்றுப்போக்கு குறைந்தது, ஆறரை வயதில் அறிவுத்திறன் மதிப்பெண் கூடியிருந்தது. ஆனால் உடல் பருமனும் ஆஸ்துமாவும் குறையவில்லை. தாய்ப்பால் சர்வரோக நிவாரணி என்று சொல்வோர் இதையும் சேர்த்துச் சொல்வதே நேர்மை. பிரேசிலின் பெலோட்டாஸ் நகரில் 1982ல் பிறந்தவர்களை 30 வயதுவரை கவனித்த ஆய்வும் அறிவுத்திறன் பற்றி இதே முடிவுக்குத்தான் வந்தது.

லயத்திலிருந்து தாமானுக்கு

இன்று அந்தத் தோட்டங்களில் பல செம்பனையாகிவிட்டன. சில தாமான்களாகிவிட்டன. மக்கள் ஈப்போவுக்கும் புந்தோங் வட்டாரத்துக்கும் அதைச் சுற்றிய குடியிருப்புகளுக்கும் வந்துவிட்டார்கள். ஆயாக் கொட்டகை போய், பக்கத்து வீட்டு 'பேபி சிட்டர்' வந்தார். பெரட்டு மணி போய் ஷிப்ட் மணி வந்தது. இனிப்பு டின் பால் இப்போது தே தாரிக் கடையில் உட்கார்ந்திருக்கிறது, புட்டியில் அதன் இடத்தைப் பால் மாவு பிடித்துக்கொண்டது.

மலேசியா சும்மா இருக்கவும் இல்லை. உலகச் சுகாதார நிறுவனத்தின் 1981ஆம் ஆண்டு நெறிமுறைக்கு முன்பே, 1979ல் பால் மாவு விளம்பரத்துக்கான நெறிமுறையை இந்நாடு கொண்டுவந்தது. உலகத் தாய்ப்பால் வாரத்தை 1992லிருந்து ஒருங்கிணைத்துவரும் அமைப்பின் தலைமையகம் பினாங்கில்தான் இருக்கிறது. 1998ல் எல்லா அரசு மருத்துவமனைகளும் 'குழந்தை நேய' மருத்துவமனைகள் என்ற அங்கீகாரம் பெற்றன. அந்த அங்கீகாரம் கிடைத்த மூன்றாவது நாடு நாம். ஆனாலும் 2006ஆம் ஆண்டு ஆய்வில் ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைகளில் தாய்ப்பால் மட்டுமே குடித்தவர்கள் வெறும் 14.5 விழுக்காடு. 2016ல் அது 47.1 ஆக உயர்ந்தது. மருத்துவமனையில் நன்றாகத் தொடங்குகிறார்கள். வீட்டுக்கு வந்து, விடுப்பு முடிந்து, வேலைக்குப் போகும் வாரத்தில்தான் பலருக்கும் நின்றுபோகிறது.

கர்ப்ப காலத்தில் சர்க்கரை வந்த இந்தியப் பெண்களுக்கு இது வெறும் புள்ளிவிவரம் அல்ல. அவர்கள் பின்னாளில் நிரந்தர நீரிழிவுக்கு மிக அருகில் நிற்பவர்கள். பால் கொடுக்கும் ஒவ்வொரு மாதமும் அவர்களுக்குப் பயன் தரக்கூடியது. பிரசவமான முதல் மணி நேரத்திலேயே சீம்பாலைக் கொடுக்கத் தொடங்குவதும், வேலைக்குப் போன பிறகு பிழிந்தெடுத்த பாலைக் குளிர்பதனப் பெட்டியில் நான்கு நாள்வரை வைத்துக் கொடுக்கலாம் என்பதும் கிளினிக்கில் கேட்டால் மிசியே சொல்லித் தருவார். பாட்டிமார்களுக்கு இல்லாத வசதி அது. ஆனால் பிழிந்தெடுக்கவும் ஓர் அறை வேண்டும், அரைமணி நேரம் வேண்டும்.

இந்தியாவின் 1961ஆம் ஆண்டு மகப்பேறு நலச் சட்டம் குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை நாளுக்கு இரண்டு பாலூட்டும் இடைவேளை தந்தது. இலங்கைச் சட்டமும் ஒரு வயதுவரை இரண்டு இடைவேளை தருகிறது. அங்கே தாய்ப்பால் மட்டுமே குடிக்கும் குழந்தைகள் 2016ல் 82 விழுக்காடு. மலேசியாவில் திருத்தப்பட்ட வேலைவாய்ப்புச் சட்டம் 2023 ஜனவரி 1ஆம் தேதி நடப்புக்கு வந்தது. பிரசவ விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாளானது. தாய்ப்பால் மட்டுமே கொடுக்கச் சொல்லும் ஆறு மாதத்துக்கு அது பாதி வழி. மீதி வழிக்குத் தேவையான அந்த இரண்டு அரைமணி நேரத்தைப் பற்றி, 1919ல் எழுதப்பட்ட அந்த வரியைப் பற்றி, திருத்தத்தில் எதுவும் இல்லை. தொண்ணூற்றொன்பதாம் நாள் காலையில் ஈப்போவின் தொழிற்சாலை வாசலில் அட்டையைத் தட்டும் தாய்க்கு அது கிடைப்பதும் கிடைக்காததும் அவருடைய மேற்பார்வையாளரின் கையில் இருக்கிறது.